தோட்டப்புறத்துக் கோ-கார்ட் மன்றம் எந்த விதிகளின் கீழ் ஓட வேண்டும்?

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊருக்கு 2007-ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். ஊரார் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்கிறார்கள். இங்கே கோ-கார்ட் என்னும் சிறிய, தாழ்வான பந்தய வண்டிகளுக்கான ஒரு மன்றத்தைத் தொடங்கிய முதல் ஆண்டில் எங்கள் செயலவையின் மேசைமேல் மூன்று விதிப்புத்தகங்கள் கிடந்தன. வயதுப் பிரிவுகளை ஒன்றிலிருந்தும், குறைந்தபட்ச எடையை இன்னொன்றிலிருந்தும், எஞ்சின் விதிகளை மூன்றாவதிலிருந்தும் எடுத்து, யாருக்கும் மனத்தாங்கல் வராதபடி நான்கு பக்கங்களில் ஒரு தொகுப்பை எழுதி முடித்தோம். யாரும் பிரிக்காதபடி முத்திரையிட்ட எஞ்சினை உள்ளூர்ப் பட்டறையில் பிரித்துப் பழுது பார்க்கலாம் என்றும் அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை நம்பி, செம்பனை லாரி ஓட்டும் ஒரு தந்தை தம் மகளுக்குப் பழைய கார்ட் ஒன்றை வாங்கி, எஞ்சினைப் பிரித்துச் சுத்தம் செய்து, எங்கள் பந்தயங்களில் ஓட வைத்தார். பிள்ளை நன்றாகவே ஓட்டினாள். அடுத்த ஆண்டு வெளியூர்த் தடம் ஒன்றுக்கு அவளை அழைத்துச் சென்றபோது வாகனப் பரிசோதனையிலேயே நிறுத்திவிட்டார்கள்: முத்திரை உடைந்த எஞ்சினை மீண்டும் சோதித்து முத்திரையிடாமல் அந்தப் பிரிவில் ஏற்றுக்கொள்ள முடியாது என்றார்கள். அவர்கள் சொன்னது சரி. தவறு முழுவதும் எங்கள் நான்கு பக்கங்களில் இருந்தது.

தோட்டப்புற ஊர்களில் இப்படி ஒரு மன்றத்தைத் தொடங்க நினைப்பவர்கள், எந்த விதிகளைப் பின்பற்றுவது என்று முடிவெடுக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை, வாகனப் பரிசோதகராகச் சில ஆண்டுகள் தராசுக்குப் பக்கத்தில் நின்ற அனுபவத்திலிருந்து இங்கே எழுதுகிறேன்.

அங்கீகாரம் யாரிடமிருந்து வருகிறது

இணையத்தில் இதைப் பற்றித் தேடினால் கிடைப்பவற்றில் பெரும்பகுதி அமெரிக்க மன்றங்களுக்காக எழுதப்பட்டது. முதல் கார்ட்டை ஆர்ட் இங்கல்ஸ் என்பவர் 1956-இல் கலிபோர்னியாவில் கட்டினார். அடுத்த ஆண்டே அங்கே ஒரு மன்றக் கூட்டமைப்பு உருவாகி, பின்னர் ஐ.கே.எஃப். என்ற பெயரைப் பெற்றது, 1971-இல் டபிள்யூ.கே.ஏ. என்ற இன்னோர் அமைப்பும் வந்தது. ஆகவே அந்த நாட்டில் ஒரு சிறிய மன்றம் பல அமைப்புகளின் விதிப்புத்தகங்களை அருகருகே வைத்து, காப்புறுதிக் கட்டணம் எதில் குறைவு, பிரிவுகள் எதில் பொருத்தம் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க முடிந்தது. அந்த வழிகாட்டிகளை அப்படியே இங்கே பயன்படுத்தினால் முதல் அடியே சறுக்கும், ஏனென்றால் நம் நாட்டில் கேள்வியே வேறு வடிவில் இருக்கிறது.

1904-இல் பாரிசில் தொடங்கப்பட்ட எஃப்.ஐ.ஏ. என்னும் உலக அமைப்பு, நான்கு சக்கர மோட்டார் பந்தயங்களுக்கு ஒரு நாட்டில் ஒரே ஒரு தேசிய அதிகார அமைப்பைத்தான் ஏற்கும். கார்ட் பந்தயமும் அதன் கீழ்தான் வருகிறது. அதற்கெனத் தனி ஆணையத்தை எஃப்.ஐ.ஏ. 1962-இல் அமைத்தது. மலேசியாவில் அந்தத் தேசிய இடத்தில் இருப்பது, எம்.ஏ.எம். என்று சுருக்கமாக அழைக்கப்படும் மலேசிய மோட்டார் விளையாட்டுச் சங்கம். போட்டிக்கு அனுமதி, ஓட்டுநருக்கு உரிமம், அதிகாரிகளுக்குத் தகுதி ஆகிய மூன்றும் அந்த வழியாகவே வருகின்றன. எனவே இங்கே ஒரு மன்றம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இரண்டு: அந்தக் குடையின் கீழ் ஓடப் போகிறோமா, அதற்கு வெளியே நண்பர்கள் கூட்டமாக ஓடப் போகிறோமா என்பது ஒன்று, உள்ளே ஓடுவதென்றால் வண்டிக்கான தொழில்நுட்ப விதிகளை எந்தப் பந்தயத் தொடரிலிருந்து எடுக்கப் போகிறோம் என்பது மற்றொன்று.

முதல் கேள்வியைப் பலர் இலேசாக எடுத்துக்கொள்கிறார்கள். "நம்ம ஊர்ல நாம ஓடுறதுக்கு யாரைக் கேக்கணும்?" என்று எங்கள் முதல் கூட்டத்திலும் ஒருவர் கேட்டார். எஃப்.ஐ.ஏ.-வின் பன்னாட்டு விளையாட்டு விதித்தொகுப்பின்படி, அனுமதி பெறாத போட்டியில் உரிமம் வைத்திருப்பவர் கலந்துகொண்டால் அவர்மீது நடவடிக்கை எடுக்க முடியும். உரிமத்தையே நிறுத்தி வைக்கவும் கூடும். உங்கள் மன்றத்தில் ஓடும் பன்னிரண்டு வயதுப் பையன் நாளை செப்பாங் பந்தய வளாகத்தின் கார்ட் தடத்தில் தேசியத் தொடரில் ஓட ஆசைப்படலாம். அவன் உரிமம் வாங்கிய நாளிலிருந்து உங்கள் அனுமதியில்லாப் பந்தயம் அவனுக்கு ஓர் இடர். வாடகைக் கார்ட்டை நேரம் பார்த்து ஓட்டி மகிழும் கூட்டமாக மட்டும் இருக்கப் போகிறீர்கள் என்றால் இந்தக் கவலை அவ்வளவாக இல்லை. கோப்பை, புள்ளிப் பட்டியல், பிரிவு என்று வந்துவிட்டால் அது போட்டிதான்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். 1997-ஆம் ஆண்டின் விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் மன்றத்தைப் பதிவு செய்வது வேறு; பந்தயம் நடத்த அனுமதி பெறுவது வேறு. பதிவுச் சான்றிதழைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, பந்தயத்துக்கும் அதுவே போதும் என்று நினைத்துக்கொண்டிருந்த செயலவையில் நானும் ஒருவன்.

விதிகளின் அடுக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு பந்தய நாளை ஒரே ஒரு புத்தகம் ஆள்வதில்லை. மேலே பன்னாட்டு விதித்தொகுப்பு, அதற்குக் கீழே தேசிய விதிகள், அதற்குக் கீழே தொடரின் விளையாட்டு விதிகளும் தொழில்நுட்ப விதிகளும், அதற்குக் கீழே அந்த ஒரு நாளுக்கான துணை விதிகள், கடைசியாக அன்று காலை ஓட்டுநர் கூட்டத்தில் சொல்லப்படுபவை. கீழ் அடுக்கு மேல் அடுக்கை மீற முடியாது. மேல் அடுக்கு விட்ட இடத்தை நிரப்பலாம். எங்கள் நான்கு பக்கங்கள் செய்த தவறு இந்த அடுக்கைப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிளறியதுதான்.

இந்த அடுக்கு புரிந்துவிட்டால் வேலை பாதியாகக் குறைகிறது. கொடிகள், தொடக்க முறை, தண்டனைகள், எதிர்ப்பு மனு, அதிகாரிகளின் பொறுப்பு ஆகியவற்றை நீங்கள் எழுதவே வேண்டியதில்லை. தேசிய விதிகளை முழுமையாக ஏற்கிறோம் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடலாம். பாதுகாப்பு உடைகளும் அப்படியே. உங்கள் உண்மையான தேர்வு எஞ்சின், டயர், எடை, வயது ஆகியவற்றில்தான் இருக்கிறது, அவற்றையும் ஒரே தொடரிலிருந்து முழுத் தொகுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு தொடரின் குறைந்தபட்ச எடை அந்த எஞ்சினின் திறனையும் அந்த டயரின் பிடிப்பையும் அந்த வயதுப் பிள்ளைகளின் உடல்வாகையும் சேர்த்துக் கணக்கிட்டு வைக்கப்பட்டது. எடையை மட்டும் பிடுங்கி வேறோர் எஞ்சினுக்குப் பொருத்தினால், ஒல்லியான பிள்ளையின் இருக்கையில் ஈயக் கட்டிகளை அளவுக்கு மீறித் திருகும் நிலை வரும். அல்லது கொஞ்சம் பருமனான பிள்ளை எந்நாளும் பின்வரிசையில் ஓடும்.

யார் ஓட்டுவார்கள், யார் பழுது பார்ப்பார்கள், யார் அளப்பார்கள்

புத்தகங்களைப் புரட்டும் முன் உங்கள் ஊரைப் புரட்டிப் பாருங்கள். முதலில், வரப்போகும் ஓட்டுநர்களின் வயதையும் அவர்கள் இரண்டு ஆண்டுகளில் எங்கே ஓட விரும்புவார்கள் என்பதையும் பெற்றோரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் கேட்டபோது, ஐந்தில் நான்கு பங்கினர் ஊரைத் தாண்டி ஓடும் எண்ணமே இல்லாதவர்கள் என்று தெரிந்தது. அவர்களுக்காக விலையுயர்ந்த பன்னாட்டுப் பிரிவைத் தேர்ந்தெடுப்பது மற்றவர்களின் கனவுக்கு அவர்களைக் கட்டணம் கட்டச் சொல்வதாகும். ஆனால் மீதி ஒரு பங்கினரையும் விட்டுவிட முடியாது. வெளியே போகப் போகிறவர்கள் அவர்கள்தான்.

அடுத்தது பட்டறை. தோட்டப்புறத்தில் ஹோண்டா ஜிஎக்ஸ் வகை எஞ்சினைப் பிரித்து மாட்டத் தெரியாத மெக்கானிக்கைக் காண்பது அரிது. தண்ணீர் பம்பிலும் மருந்தடிக்கும் இயந்திரத்திலும் ஜிஎக்ஸ்160 ஓடிக்கொண்டிருக்கிறது, உதிரிப்பாகங்கள் வன்பொருள் கடையிலேயே கிடைக்கின்றன. அதே மெக்கானிக்கிடம் நீர்க்குளிர்விப்புள்ள 125 சிசி இரண்டு ஸ்ட்ரோக் கார்ட் எஞ்சினைக் கொண்டுபோனால் அவர் அதை ஆர்வத்தோடு பிரித்துவிடுவார்; எங்கள் கதையில் சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

மூன்றாவது கேள்வியைத்தான் எவரும் கேட்பதில்லை, அதனால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்தக் கருவியோடு எந்த மனிதர் நின்று இந்த விதியைச் சரிபார்ப்பார்? விதிப்புத்தகத்தின் ஒவ்வொரு வரியையும் இந்தக் கேள்வியால் தட்டிப் பாருங்கள். பிஸ்டனுக்கும் சிலிண்டர் தலைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி இவ்வளவுக்குக் குறையக்கூடாது என்று ஒரு வரி இருந்தால், ஸ்பார்க் பிளக் துளை வழியாக வெள்ளீயக் கம்பியை விட்டு எஞ்சினைச் சுற்றி, நசுங்கிய கம்பியின் தடிமனை வெர்னியரில் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். அவருடைய படிப்பை எதிர்த்தரப்பு நம்பவும் வேண்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால் அந்த வரி உங்களிடம் இருப்பதும் இல்லாததும் ஒன்றே. நேர்மையானவர்கள் மட்டும் அதற்குக் கட்டுப்பட்டுப் பின்னால் ஓடுவார்கள்.

தராசின் கதை இன்னும் சுவையானது. செம்பனை நாட்டில் நிறுவைக்கு என்ன பஞ்சம் என்று நினைத்தோம். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாக 1917-இல் நடப்பட்ட தென்னமரம் எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. (தென்னையின் பெயரைத் தாங்கிய தோட்டத்தில் செம்பனை வேர்விட்டதை நினைத்து நாங்கள் சிரிப்பதுண்டு.) ஆலையின் நிறுவைப் பாலத்தில் கார்ட்டை ஏற்றிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். லாரிகளுக்கான நிறுவைப் பாலம் பொதுவாகப் பத்துக் கிலோ படிகளில் எண்ணைக் காட்டுவது. கார்ட் பந்தயத்தில் அரைக் கிலோ குறைந்ததற்காக ஒருவர் முதலிடத்தை இழக்க நேரும். பின்பு ஒரு கடையிலிருந்து மேடைத் தராசை இரவல் வாங்கினோம். முதல் பந்தயத்திலேயே எடை குறைந்ததாக ஒரு பையன் நீக்கப்பட்டான். அவனுடைய தாத்தா முன்னால் வந்து, "தம்பி, இந்தத் தராசை யார் சரிபார்த்தது?" என்று மட்டும் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. ரப்பர் காலத்தில் பால்மரம் வெட்டியவர்கள் வாளியோடு நிறுவைக் கொட்டகையில் வரிசையில் நிற்பார்கள். கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், மெட்ரோலாக் என்ற அளவுகோலைப் பாலில் மிதக்க விட்டு ஓர் எண்ணைச் சொல்வார். பாலில் காய்ந்த ரப்பர் எவ்வளவு என்பதும் அன்றைய கூலி எவ்வளவு என்பதும் அந்த எண்ணைப் பொறுத்தவை. தமக்கு அந்த எண்ணைக் காட்டியதில்லை என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வரும் பெற்றோருக்கு முன்னால் அளவை நடத்தப் போகிறீர்கள் என்பதை மறக்கக்கூடாது. அதன்பிறகு எங்கள் முறை மாறியது. தராசு காலை முதல் திறந்தே இருக்கும், எந்த ஓட்டுநரும் எத்தனை முறையும் ஏறிப் பார்த்துக்கொள்ளலாம், சான்று பெற்ற படிக்கற்களை அனைவர் முன்னிலையிலும் வைத்து எண்ணைக் காட்டிய பிறகே முதல் சுற்று தொடங்கும். அன்றைக்கு அந்தத் தராசு காட்டுவதே இறுதி என்று துணை விதியில் எழுதினோம். அதற்குப் பின் எடையைப் பற்றி ஒரு புகாரும் வரவில்லை.

எஞ்சின் தொகுப்புகளை ஒப்பிடுவது

எஃப்.ஐ.ஏ.-வின் மேல்நிலைப் பிரிவுகளான ஓகே, கேஇசட் ஆகியவற்றை மன்ற அளவில் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2016-இல் வந்த ஓகே எஞ்சினில் கிளட்சும் இல்லை, ஸ்டார்ட்டரும் இல்லை, தள்ளித்தான் கிளப்ப வேண்டும். கேஇசட் ஆறு கியர் கொண்டது. இரண்டும் தொழில்முறைக் குழுக்களுக்கானவை. எஞ்சினை அடிக்கடி பிரித்துக் கட்டும் செலவை எங்கள் ஊர் போன்ற இடம் தாங்காது.

ஒரே எஞ்சின் தயாரிப்பாளரின் தொடர் விதிகள்தான் மன்றங்களுக்குப் பொதுவாகப் பொருந்துபவை. ஆஸ்திரிய நிறுவனமான ரோட்டாக்ஸ் தன் 125 சிசி மேக்ஸ் எஞ்சினை 1997-இல் வெளியிட்டது. அதன் உலக இறுதிப் போட்டி 2001-இலும் 2005-இலும் நம் லங்காவியிலேயே நடந்திருப்பதால், இந்த எஞ்சினைத் தெரிந்தவர்கள் நாட்டில் பலர் உண்டு. இந்த விதிகளின் பலம் முத்திரையில் இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட சேவை மையம் எஞ்சினைச் சோதித்து எண்ணிட்ட முத்திரையைப் போட்டு, அந்த எண்ணை எஞ்சினின் அடையாள அட்டையில் பதிகிறது. மன்றத்துப் பரிசோதகர் எஞ்சினுக்குள்ளே பார்க்கத் தேவையில்லை, முத்திரையின் எண்ணையும் அட்டையையும் ஒப்பிட்டால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். நான் முன்பு கேட்ட கேள்விக்கு இது நேரான விடை: கருவி இல்லாத ஊரில் அளக்கும் வேலையை வேறொருவர் முன்கூட்டியே செய்து தருகிறார். பலவீனமும் அதே இடத்தில் இருக்கிறது. சேவை மையம் தொலைவில் இருந்தால் ஒரு சிறிய பழுதுக்கும் எஞ்சினை அனுப்பிக் காத்திருக்க வேண்டும், பிள்ளை ஒரு பந்தயத்தை இழக்கக்கூடும். இத்தாலிய ஐயாமே நிறுவனத்தின் எக்ஸ்30 எஞ்சினும் இதே அளவிலானது. அதைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் மாநிலத்தில் அதை ஓட்டுபவர்கள் எத்தனை பேர், உதிரிப்பாகம் யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள்.

காற்றுக்குளிர்விப்புள்ள யமஹா கேடி100 எஞ்சின்கள் பழைய ஓட்டுநர்களின் கொட்டகைகளில் இன்னும் கிடக்கின்றன. எளிமையானவை, சத்தம் இனிமையானது, அவற்றின்மேல் எனக்குத் தனிப்பட்ட பாசமும் உண்டு. ஆனால் முத்திரை முறை இல்லாமல் அவற்றை ஒரு பிரிவாக நடத்துவதென்றால் சிலிண்டரைத் திறந்து அளக்கத் தெரிந்தவர் வேண்டும். பாசம் அந்த வேலையைச் செய்யாது.

தொடக்க நிலைக்கு நான் பரிந்துரைப்பது நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின். அமெரிக்காவில் பிரிக்ஸ் அண்டு ஸ்டிராட்டன் நிறுவனத்தின் எல்ஓ206 தொழிற்சாலையிலேயே முத்திரையிடப்பட்டு வருகிறது. வயதுக்கேற்ப கார்புரேட்டரின் திறப்பைக் கட்டுப்படுத்தும் தகட்டை மாற்றி ஒரே எஞ்சினைப் பல பிரிவுகளில் ஓட்டுகிறார்கள். நம் ஊர்களில் கைக்கு எட்டுவது ஹோண்டா ஜிஎக்ஸ்160-உம் ஜிஎக்ஸ்200-உம்தான். இவற்றுக்குத் தனி முத்திரை இல்லாததால், மன்றமே எஞ்சின்களை வாங்கி வைத்து, ஒவ்வொரு பந்தய நாளும் குலுக்கல் முறையில் ஓட்டுநர்களுக்குக் கொடுப்பது நல்ல வழி. யாருடைய எஞ்சின் வேகம் என்ற சந்தேகமே எழாது.

இதில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஜிஎக்ஸ் எஞ்சினின் சுழல் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைக் கழற்றிவிட்டால் வண்டி பறக்கும் என்பது பட்டறைகளில் எல்லாருக்கும் தெரிந்த இரகசியம். அந்த எஞ்சின் ஏறக்குறைய நிமிடத்துக்கு 3,600 சுற்றுகளுக்காகச் செய்யப்பட்டது. கவர்னர் இல்லாமல் அதைத் தாண்டிச் சுழலும்போது வார்ப்பிரும்பாலோ வார்ப்பு அலுமினியத்தாலோ ஆன அதன் பறசக்கரம் (ஃபிளைவீல்) உடைந்து சிதறக்கூடும், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடும் முறியக்கூடும். கவர்னரைக் கழற்ற அனுமதிக்கும் விதிகள் வெளிநாடுகளில் இருக்கின்றன. அவற்றில் வலுவூட்டிய பறசக்கரமும் ராடும் கட்டாயம். அந்த விதியின் முதல் பாதியை மட்டும் இரவல் வாங்கிக்கொள்ளும் மன்றம் குழந்தைகளின் முதுகுக்குப் பக்கத்தில் ஓர் ஆபத்தைக் கட்டி வைக்கிறது. கவர்னர் தன் இடத்தில் இருக்க வேண்டும், அதற்கு மன்றத்தின் கம்பி முத்திரை போடப்பட வேண்டும் என்று எழுதிவிடுங்கள்.

எத்தனை பிரிவுகள் என்பதில் பேராசை வேண்டாம். இருபது வண்டிகளை ஏழு பிரிவுகளாகப் பிரித்தால் எல்லாருக்கும் கோப்பை கிடைக்கும், பந்தயம் யாருக்கும் கிடைக்காது. மன்றத்து எஞ்சினில் ஓடும் சிறுவர் பிரிவு, பெரியவர் பிரிவு, வெளியே ஓட விரும்புவோருக்கு முத்திரையிட்ட இரண்டு ஸ்ட்ரோக் பிரிவு என மூன்றோடு நிறுத்தினோம். மூன்றாவது பிரிவில் அந்தத் தொடரின் விதியில் ஓர் எழுத்தைக்கூட நாங்கள் மாற்றுவதில்லை: டயரும் எடையும் வயதுக் கணக்கும் அவர்கள் சொன்னபடியே. அந்தப் பிள்ளைகள் வேறு தடத்துக்குப் போகும்போது வண்டியில் ஒரு திருகாணியையும் மாற்றத் தேவைப்படக்கூடாது.

பாதுகாப்பு விதிகள்

இவற்றில் தேர்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. தேசிய விதி கேட்பதை அப்படியே கேளுங்கள். வழக்கமாக வரும் வாக்குவாதம் தலைக்கவசத்தைப் பற்றியது. நாட்டின் தர நிறுவனமான சிரிமின் முத்திரையுள்ள மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தைப் பெற்றோர் கொண்டுவந்து, சாலைக்கே இது போதும் என்று அரசாங்கம் சொல்லும்போது இங்கே ஏன் போதாது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கார்ட் பந்தயத்துக்கென, தலைக்கவசங்களைச் சோதிக்கும் ஸ்னெல் அமைப்பின் கே வகைத் தரம் தனியாக இருக்கிறது. சிறுவர்களின் கழுத்து பெரியவர்களின் கவசத்தின் எடையைத் தாங்காது என்பதால் அவர்களுக்கென எஃப்.ஐ.ஏ.-வும் ஸ்னெலும் சேர்ந்து சிஎம்ஆர் என்ற இலேசான வகைக்கும் தரம் வகுத்திருக்கின்றன. தலைக்கவசத்தின் உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டைப் பரிசோதகர் படித்துக் காட்டினால் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வார்கள். மன்றமே சில சிறுவர் கவசங்களை வாங்கி வாடகைக்குத் தருவது வாக்குவாதத்தை இன்னும் குறைக்கும். விலா எலும்புக் காப்புக்கும் எஃப்.ஐ.ஏ. 8870-2018 என்ற தரம் வந்துவிட்டது; பிள்ளைகளுக்கு அதைக் கட்டாயமாக்குங்கள்.

காப்புறுதியைப் பற்றிச் சுருக்கமாக: விதிகளை முடிவு செய்த பின் காப்புறுதி முகவரிடம் போகாதீர்கள், அதற்கு முன்பே போங்கள். எந்த அனுமதியின் கீழ், எந்த விதிகளின்படி, யார் மேற்பார்வையில் நடக்கும் பந்தயத்துக்கு இழப்பீடு உண்டு என்பதை எழுத்தில் வாங்குங்கள். நிலத்தின் சொந்தக்காரரான தோட்ட நிர்வாகமும் அந்தக் கடிதத்தைத்தான் முதலில் கேட்கும்.

துணை விதிகளை எழுதும்போது

இப்போது உங்கள் சொந்தப் பக்கத்தை எழுதலாம். ஒரு பக்கமே போதும். தேசிய விதிகளையும் தேர்ந்தெடுத்த தொடரின் தொழில்நுட்ப விதிகளையும் எந்த ஆண்டின் பதிப்பு என்று குறிப்பிட்டு ஏற்பது முதல் வரி. பிறகு தடத்தின் பெயர், பிரிவுகள், சுற்றுகளின் எண்ணிக்கை, நுழைவுக் கட்டணம், அதிகாரிகளின் பெயர்கள், தராசைப் பற்றிய வரி. எரிபொருளைப் பற்றி ஒரு வரி அவசியம்: அனைவரும் குறிப்பிட்ட ஒரே நிலையத்தின் ஒரே பம்பில் வாங்க வேண்டும் என்று எழுதினால், எரிபொருளைச் சோதிக்கும் கருவி இல்லாத குறை பெருமளவு தீரும்.

மேல் அடுக்கு இடம் கொடுக்கும் சில இடங்களில் மன்றத்தின் நிலையை யோசித்து எழுதலாம். நீலத்தில் சிவப்புக் குறுக்குக் கோடுகள் கொண்ட கொடியை எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்.ஐ.ஏ. கார்ட் போட்டிகளில் அதைக் காட்டினால், முன்னணி ஓட்டுநர் ஒரு முழுச் சுற்று முந்தப்போகும் அல்லது முந்திவிட்ட ஓட்டுநர் பந்தயத்தை விட்டு வெளியேற வேண்டும். உலகத் தரத்தில் அது நியாயம். எங்கள் ஊரில், பத்து வெள்ளி இருபது வெள்ளியாகச் சேர்த்துக் கட்டணம் கட்டிய பிள்ளையை நான்காம் சுற்றில் வெளியே அனுப்பினால் அடுத்த மாதம் அந்தப் பிள்ளை வராது. எனவே அந்தக் கொடியைச் சிறுவர் பிரிவில் பயன்படுத்துவதில்லை என்று துணை விதியில் எழுதி, விண்ணப்பத்தோடு அனுப்பி, ஒப்புதல் வந்த பின்பே நடைமுறைப்படுத்தினோம். மாறாக, முன்புற மூக்குக் காப்பு இடம் பெயர்ந்தால் ஐந்து விநாடி தண்டனை என்ற விதியை அப்படியே வைத்துக்கொண்டோம். முடிவுக் கோட்டைத் தாண்டும் வண்டியைக் கண்ணால் பார்த்தே முடிவு சொல்லலாம், முன்னால் போகும் வண்டியை இடித்துத் தள்ளும் பழக்கமும் அதனால் குறைந்தது.

எதிர்ப்பு மனுவுக்கான கால எல்லையைத் தளர்த்தாதீர்கள். தற்காலிக முடிவுகள் ஒட்டப்பட்ட முப்பது நிமிடங்களுக்குள், எழுத்தில், கட்டணத்தோடு என்பது பன்னாட்டு வழக்கம். அந்த முப்பது நிமிடங்கள் இல்லாவிட்டால் மனு மறுநாள் காலை வாட்ஸ்அப் குழுவில் வரும், அங்கிருந்து கோயில் திருவிழாக் கூட்டம்வரை போகும்.

தீர்ப்புச் சொல்லும் ஸ்டூவர்டுகள் யார் என்பது தோட்டப்புறத்தில் தனிச் சிக்கல். ஒருவருக்கொருவர் மாமன், மச்சான், சம்பந்தி என்று ஊரே பின்னிக் கிடக்கும்போது, மருமகனின் வண்டியைப் பற்றி மாமா தரும் தீர்ப்பு நேர்மையாகவே இருந்தாலும் எவரும் அதை நேர்மையென்று சொல்ல மாட்டார்கள். ஸ்டூவர்டுகளில் ஒருவராவது வேறு மாவட்டத்துக்காரராக, அங்கே யாருக்கும் உறவில்லாதவராக இருக்கட்டும். தேசிய அமைப்பின் அனுமதி பெற்ற போட்டியில் இதற்கான ஏற்பாட்டை அவர்களிடமே கேட்கலாம். நாங்கள் அப்படி ஒருவரை வரவழைத்த முதல் நாள் அவர் எங்கள் செயலவைத் தலைவரின் மகனுக்கே ஐந்து விநாடி தண்டனை கொடுத்தார். அன்று மாலை தலைவர் யாரோடும் பேசவில்லை. அடுத்த பந்தயத்துக்குப் புதிதாக நான்கு பேர் பெயர் கொடுத்தார்கள்.

மொழியையும் கவனியுங்கள். விதிப்புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருக்கும், கடிதப் போக்குவரத்து மலாயில் நடக்கும், பெற்றோரில் பலர் தமிழில்தான் வசதியாகப் படிப்பார்கள். தமிழில் ஒரு விளக்கத்தாளைக் கட்டாயம் கொடுங்கள். ஆனால் கருத்து வேறுபாடு வந்தால் மூல ஆங்கிலப் பதிப்பே செல்லும் என்று அதன் தலைப்பிலேயே எழுதுங்கள். ஓட்டுநர் கூட்டத்தைத் தமிழிலும் மலாயிலும் நடத்தி, கொடிகளைக் கையில் பிடித்துக் காட்டி, பிள்ளைகளையே ஒவ்வொரு கொடிக்கும் பொருள் சொல்லச் செய்யுங்கள்.

தொடரின் விதிகள் ஆண்டுதோறும் மாறும். எடையும் வயதெல்லையும் டயர் வகையும் நடுவில்கூடத் திருத்தப்படலாம். பருவத்தின் முதல் பந்தயத்துக்கு முன் எந்தப் பதிப்பை அச்சிட்டீர்களோ அதை மன்றத்து முத்திரையோடு தராசுக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். நடுவில் திருத்தம் வந்தால், பாதுகாப்பைப் பற்றியதாக இருந்தால் உடனே ஏற்று, தேதியிட்ட தாளை அதன்மேல் தைத்துவிடுங்கள். மற்றவற்றைப் பொறுத்தவரை, முத்திரையிட்ட பிரிவில் தொடர் சொல்லும் தேதியிலும், மன்றத்து எஞ்சின் பிரிவுகளில் அடுத்த பருவத்திலும் நடைமுறைப்படுத்துங்கள். பழைய தாளைக் கிழித்தெறியாமல் கோப்பில் வையுங்கள். கடந்த ஆண்டின் கோப்பையைப் பற்றிய கேள்வி இந்த ஆண்டின் தீபாவளி விருந்தில்தான் எழும்.